அக்கா வராத ஆட்டம்

அரங்கம் நிறைந்த கூட்டம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

பாட்டு நாடகம் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வருவார். நல்ல சேதி சொல்ல எந்த மேனேஜரும் திரைக்கு முன்னால் வந்ததில்லை. "உடல்நலக் குறைவு காரணமாக இன்று இன்னார் நடிக்கவில்லை. அவருக்குப் பதிலாக..." என்று அவர் இழுப்பார். அவ்வளவுதான். முன்வரிசையிலிருந்து மாடி வரைக்கும் "ச்சே..." என்று ஒரே மூச்சாக இறங்கும். அந்தப் "பதிலாக" என்கிற ஆள் அப்போது திரைக்குப் பின்னால் முகம் நிறைய மாவோடு நின்றுகொண்டிருக்கும். வருவது அத்தனையையும் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது, ஒப்பனை கலைந்துவிடும்.

அந்த அரங்கத்தில் விளக்கு போடுகிறவரை எல்லோரும் லைட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெருமூச்சுக்குத் தரம் பிரிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. லேசாக வந்தால் பலூன். கொஞ்சம் நீண்டால் சைக்கிள் டயர். நாற்காலி அதிர வந்தால் லாரி. அதற்கும் மேலே ரயில் இன்ஜின் என்று ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். அதை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் நேரே மேக்கப் ரூமுக்கு வந்து, பதிலாக நடித்தவரிடம் தரத்தைச் சொல்வார். எல்லோரும் ஓ என்று கத்துவார்கள். வாங்கியவருக்கு அன்றைக்கு முதல் டீ. அழுகிறவர்கள் அந்த டீயைக் குடித்துக்கொண்டே அழலாம்.

அந்தக் கம்பெனியின் நாயகிக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. குரலைக் கேட்டு ஊர் வைத்த பெயர் இது. முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்பார்கள். அவளும் ஒரு காலத்தில் "பதிலாக" வந்தவள்தான். அன்றைக்கு அவள் வாங்கியது லாரி. திரையே தன் பக்கம் ஒரு சாண் உள்ளே வந்தது என்று இன்றைக்கும் சொல்லுவாள். அவளுக்கு முன்னால் இருந்த நாயகி ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது, நாயகியின் செருப்பை வெண்கலத்தின் காலுக்கு அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தார்கள்.

அதனால் வெண்கலம் அதற்குப் பிறகு ஒரு நாளும் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு பாடியிருக்கிறாள். தலைவலியோடு ஆடியிருக்கிறாள். இடது முழங்கால் கொஞ்ச காலமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டேன்" என்பார் அவர்.

"காட்டினா என்ன சொல்வான்? படியேறாதேம்பான். என் வேலையே படியிலதான் இருக்கு. வாய மூடிட்டுத் தைலத்தத் தேய்ங்க."

வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். பொறுமை அவருக்குத் தொழில். தேய்ப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது."

"ஒரு வாரம் போதுமா டாக்டர்? எதுக்கும் ரெண்டா எழுதிடுங்களேன்" என்றார் வீட்டுக்காரர். வெண்கலம் கிள்ளினாள். வாய் இல்லாதபோது கை பேசும் அல்லவா?

வீட்டில் படுத்திருந்தாள். ஆனால் உடம்புதான் கட்டிலில் இருந்தது. மத்தியானத்துக்குள் உப்புத் தண்ணீர் எத்தனை தரம் கொப்பளித்தாளோ, கணக்கே இல்லை. நாளைக்கு எப்படியாவது மேடையேறிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டாள். டாக்டர் கிடக்கிறார். ஆனால் இன்றைக்கு? தான் இல்லை என்று மேனேஜர் சொல்லும்போது கூட்டம் என்ன செய்யும்? இத்தனை வருஷத்தில் தன்னுடைய பெருமூச்சை அவள் கேட்டதே இல்லை. லாரிக்குக் குறைந்து வந்தால்? சைக்கிள் வந்தால்? பலூன் வந்தால்? அப்புறம் யாருடைய காலுக்குச் செருப்பு அளவெடுப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாயங்காலம் காலியான மாத்திரை அட்டையை எடுத்து வீட்டுக்காரர் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். மருந்துக் கடைக்குப் போகிறாளாம்.

"நான் வாங்கிட்டு வரேனே" என்றார்.

அதற்குள் செருப்பு மாட்டிவிட்டாள்.

மூக்குக் கண்ணாடி, மூக்கை மூடிய மாஸ்க், தலையைச் சுற்றி ஒரு சால்வை. மேடையில் இருபது வயசுப் பெண்ணாக நீளக் கூந்தலோடு வருகிறவளை இந்தக் கோலத்தில் அவளைப் பெற்றவளே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். அரங்கத்து வாசலில் அவளுடைய பெரிய போஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தாடைக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு. இன்றைய நாயகி இன்னார் என்று எழுதி, நாலு பக்கமும் குண்டூசி குத்தியிருந்தது. அந்தச் சீட்டுக்கு எப்போதும் குண்டூசிதான். ஒரு நாள் கூத்துக்கு யார் பசை தடவுவார்கள்?

சீட்டைப் படித்த ஒரு ஆள், "அட போங்கப்பா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். வெண்கலத்துக்குத் தொண்டையில் தேன் இறங்கினது மாதிரி இருந்தது.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஓர் ஓரத்து இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள். பேச்சைக் கேட்டதில் அண்ணியும் நாத்தனாரும் என்று தெரிந்தது.

"இங்க வேற யாராவது வராங்களாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

இல்லை என்று வெண்கலம் தலையாட்டினாள். தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள்.

"அய்யோ பாவம், பேச்சு வராது போலிருக்குடி" என்று அண்ணி நாத்தனாரிடம் சொன்னாள்.

"பேச்சு வராதுன்னா காதும் கேக்காது அண்ணி. ரெண்டும் ஒரே ஒயரு."

"காது கேக்காதவங்க பாட்டு நாடகத்துக்கு எதுக்குடி வராங்க?"

"துணிமணி, லைட்டெல்லாம் பாக்கலாம்ல. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நான் மட்டும் என்ன, பாட்டுக்கா வந்தேன்? நீங்க இழுத்துட்டு வந்தீங்க, வந்தேன். விளக்க அணைச்சதும் எழுப்பாதீங்க."

தனக்கு நன்றாகவே காது கேட்கிறது என்று எப்படிச் சொல்வது? வெண்கலம் விட்டுவிட்டாள்.

மேனேஜர் திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"...வெண்கலம் அவர்கள் இன்று நடிக்கவில்லை. அவருக்குப் பதிலாக..."

வந்தது பாருங்கள். முதலில் மாடியில் ஆரம்பித்தது. பிறகு நடுவரிசை, பிறகு முன்வரிசை. "ச்சே", "அடடா", "என்னங்க இது", "போச்சு" எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய மூச்சாகி, மேலே விசிறி போல் தொங்கிய விளக்கின் கண்ணாடித் தொங்கல்கள்கூடக் கிணுகிணுத்தது போல் அவளுக்குத் தோன்றியது. ஓயவே மாட்டேன் என்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட கடவுளே!" என்று அண்ணி தொடையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கா உங்கண்ணன ரெண்டு மாசமா நச்சரிச்சு டிக்கெட் வாங்கினேன்!"

"மூணாவது தடவையா பாக்கறீங்க. அதுக்குள்ள அந்தம்மா மூஞ்சி மறந்தா போச்சு?"

"மூஞ்சிய யாரு பாத்தா? அந்தக் குரலுடி! அந்தக் குரலு!"

வெண்கலத்துக்கு அண்ணியின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. சால்வையை இறுக்கிக்கொண்டாள்.

திரை அசைந்தது. அப்போதுதான் அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிற ரெடியின் ஞாபகம் வந்தது.

ரெடி என்பது அந்தப் பெண்ணுக்குக் கம்பெனி வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "ரெடிக்கா" என்பாள். கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிற பெண்களில் ஒருத்தி; கூடவே நாயகிக்குப் பதில் ஆள். வருஷக்கணக்காக நாயகியின் பாட்டு அத்தனையும் மனப்பாடம். ஒரு தரம்கூட மேடையில் பாடியதில்லை. பாட வேண்டுமானால் அக்காவுக்கு ஏதாவது ஆக வேண்டும். அக்காவுக்குத்தான் ஒன்றும் ஆகாதே. தன் வேலை இல்லாத நேரத்தில் மேடைக்கு வலது பக்கம், பக்கத் திரை மறைவில் நின்றுகொண்டு, அக்கா பாடப்பாட உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். அக்கா உள்ளே வந்ததும் தண்ணீர் டம்ளரை நீட்டுவாள். 'பாவம், இப்ப கால் வெடவெடன்னு ஆடிட்டிருக்கும்' என்று வெண்கலம் நினைத்தாள். ஆனால் நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பரிதாபத்துக்குள்ளே கொஞ்சம் இனிப்பும் இருந்தது.

முதல் பாட்டு ஆடிப்போய்த்தான் வந்தது. "போச்சு" என்றாள் அண்ணி. நாத்தனார் தலை ஏற்கெனவே சாய்ந்துவிட்டது.

அடுத்த காட்சியில் நாயகன் வந்தான். இவன் வெண்கலத்தோடு நடித்து நடித்துப் பழகியவன். வெண்கலம் நல்ல உயரம், ரெடி அவன் தோளுக்குக்கூட வர மாட்டாள். "உன் கண்களைப் பார்த்தால் கடல் தெரிகிறது" என்று அவன் பழக்கதோஷத்தில் ரெடியின் தலைக்கு மேலே இருந்த வெறும் காற்றைப் பார்த்து உருகினான். ரெடி ஒரு நிமிஷம் மேலே பார்த்தாள். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் ஏறி நின்று, அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கடல் இங்க இருக்கு" என்றாள்.

அது நாடகத்தில் இல்லாத வரி. அரங்கம் கொல்லென்று சிரித்தது. சிரித்த கூட்டம் சாய்ந்து உட்காரவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. மேடையில் நின்றே பழகினவளுக்கு அது என்ன என்று தெரியும். கூட்டம் ஒருத்தர் பக்கம் சேர்ந்துகொள்கிற சத்தம் அது. துணி உரசுகிற சத்தம்தான், ஆனால் தப்பவே தப்பாது. அடுத்த பாட்டில் ரெடியின் குரல் நிமிர்ந்துவிட்டது. வெண்கலத்தின் குரல் மாதிரி கணீர் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது.

இடைவேளையில் விளக்கு வந்ததும் நாத்தனார் கண்ணைக் கசக்கினாள். "என்ன அண்ணி, வீட்டுக்குப் போலாமா?"

"சும்மா இருடி. இந்தப் பொண்ணு பரவாயில்லையே."

"நீங்கதான அவ்ளோ பெரிய மூச்சா விட்டீங்க?"

"அது அப்போ!" என்று அண்ணி கையை உதறினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வெண்கலத்துக்குக் காது கேட்காது என்று முடிவு பண்ணிய பிறகு எதற்குத் தாழ்த்தினாளோ. "அந்தம்மா பாட்டு நல்லாதான் இருக்கும், இல்லேங்கல. ஆனா போன தடவை பாத்தப்போ, மனசு இங்கயே இல்ல. அடுப்புல பால வச்சுட்டு வந்தவங்க மாதிரி, எப்படா முடியும்னு நின்னாங்க."

வெண்கலம் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பையைத் துழாவி ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து, வாயைப் பெரிசாகத் திறந்து, "சாப்-பி-டு-ங்-க! மிட்-டாய்!" என்று கத்தி அவள் கையில் வைத்தாள். வெண்கலம் அதை வாயில் போட்டுக்கொண்டாள். ஜில்லென்றது. மென்று முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பாலாவது அடுப்பாவது! முழங்கால்டி, முழங்கால்! என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் காற்றுதான் வரும். நாளைக்கு வருகிறேன், இரு. தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை, நாளைக்கு நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே எழுந்து போயிருப்பாள். ஆனால் உட்கார்ந்தே இருந்ததில் முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. அதற்குள் விளக்கும் அணைந்துவிட்டது.

இரண்டாம் பாதியில்தான் அந்தப் படிக்கட்டுப் பாட்டு. நாடகத்தில் நாயகியின் அப்பா ஒரு விடுதி வைத்திருப்பார். அன்றைக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். கீழே விருந்தாளிகள் வந்தாயிற்று. மாடியில் அவளுக்கு மட்டும் தெரியும், மாப்பிள்ளை கப்பலேறிப் போய்விட்டான் என்று. ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே அந்த நீளமான படியில் இறங்கி வர வேண்டும்.

வெண்கலத்துக்கு அந்தப் படி ஒரு யமன். பாதிப் படி இறங்கியதும் முழங்கால் சுளீர் என்று பிடிக்கும். நின்றுவிடுவாள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாள். வலியில் முகம் கோணும் அல்லவா, அது கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என்று சட்டென்று முகத்தை வலது பக்கம், பக்கத் திரைப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அங்கே கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மூச்சை இழுத்து, அப்புறம் சிரித்த முகத்தோடு திரும்பி அடுத்த படியில் காலை வைப்பாள். கூட்டம் அவள் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ளும். வாத்தியக்காரர்களும் அந்த இடத்தில் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் எப்படி மறைத்துவிட்டேன் பார் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

ரெடி மாடியில் வந்து நின்றாள். பாடிக்கொண்டே இறங்கினாள். பாதிப் படி வந்தது.

நின்றாள்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அதே பிடி. கட்டை விரல்கூட அதே மாதிரி மேலே நின்றது. வெண்கலம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நல்ல கால் வைத்திருக்கிற பெண் எதற்கு அங்கே நிற்கிறாள்? வாத்தியங்களும் பழக்கப்படி நின்றன.

ரெடி பக்கத் திரைப் பக்கம் திரும்பவில்லை. முழு முகத்தையும் கூட்டத்துக்கு நேராகக் கொடுத்தாள். கண்ணை மூடினாள். உதடு உள்ளே போயிற்று. தாடை இறுகிற்று. எங்கேயோ ஆழத்தில் ஒன்று சுளீரென்று பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிற மாதிரி, அந்தச் சின்ன முகம் அப்படியே நின்றது. பிறகு மூச்சை இழுத்தாள். சிரித்தாள். காலை அடுத்த படியில் வைத்தாள்.

'என்னைக் கேலி பண்றாளா?' வெண்கலத்துக்கு முதலில் தோன்றியது அதுதான். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஊருக்கு நடுவில் வைத்து என் நொண்டலை நடித்துக் காட்டுகிறாளா?

ஆனால் கேலி பண்ணுகிறவளின் முகம் அப்படி இருக்காது. தன்னிடம் இருக்கிறதிலேயே உசந்த பொருளை எடுத்து விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி வைத்தாள் அந்தப் பெண். அப்போதுதான் வெண்கலத்துக்குச் சட்டென்று உறைத்தது. வலது பக்கம், பக்கத் திரை மறைவில் தினமும் நின்றது யார்? உலகத்துக்கே மறைக்கிறோம் என்று நினைத்து, அந்த முகத்தை இத்தனை நாளாக ஒருத்திக்கு மட்டும் நேருக்கு நேர் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ரெடி அதை நடிப்பு என்று படித்துக்கொண்டுவிட்டாள்.

பாட்டு முடிந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. அந்த அமைதியில், தூங்க வந்த நாத்தனார் சத்தமாக மூக்கைச் சிந்தினாள். எக்காளம் ஊதின மாதிரி அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அதில்தான் கட்டு உடைந்தது. கைதட்டல் மாடியிலிருந்து கொட்டிற்று.

"என்னடி, அழுறியா?"

"போங்க அண்ணி. அந்தப் பொண்ணு நின்னுச்சே, அந்த எடம்..."

"அந்தம்மா நடிக்கறப்போ இது இல்லவே இல்லடி. சும்மா ஜன்னலப் பாத்துட்டு எறங்குவாங்க. இந்தப் பொண்ணாதான் கண்டுபிடிச்சுச் செஞ்சிருக்கு."

வெண்கலத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கை மட்டும் தானாகத் தட்ட ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். பூட்டிக்கொண்ட முழங்கால் கடகடவென்று திறந்தது.

"பாருடி!" என்று அண்ணி நாத்தனாரை இடித்தாள். "காது கேக்காதவங்களே எழுந்து நின்னு தட்றாங்க!"

ஆட்டம் முடிந்ததும் வெண்கலம் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனாள். மேக்கப் ரூம் வாசலில் ஒரே கூச்சல். லைட்டண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"இன்னிக்கு வந்த மூச்சுக்குத் தரம் சொல்லப் போறேன். எல்லாரும் காதக் குடுங்க. பலூனா? இல்ல. லாரியா? அதுவும் இல்ல. இத்தன வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா... ரயில் இன்ஜின்!"

கூரை பறந்தது. யாரோ கூ என்று ஊதினார்கள். ரெடி கையில் முதல் டீயோடு, கலைந்த மாவோடு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள்ளே சால்வையும் மூக்குக் கண்ணாடியுமாக அக்கா.

டீ பாதி பாவாடையில் கொட்டியது.

"அக்கா! நீங்க... எப்ப வந்தீங்க? ஆட்டத்தப் பாத்தீங்களா?"

வெண்கலம் தலையாட்டினாள். லைட்டண்ணன் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்று ரெடி மடமடவென்று கொட்டினாள். "அந்த நடுப்படியில நீங்க எப்பவும் அந்தப் பக்கம் திரும்பித்தான் செய்வீங்க. நான் சைடுல நின்னு டெய்லி அதத்தான் பாப்பேன். நாடகத்துலேயே எனக்கு அந்த எடம்தான் உசிரு. வீட்ல போயி கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பழகியிருக்கேன். இவ்ளோ பெரிய நடிப்ப முன்னாடி இருக்கறவங்களுக்குக் காட்டாம என் ஒருத்திக்குக் காட்டறீங்களேன்னு இருக்கும். அதான் கேக்காம இந்தப் பக்கம் திருப்பிட்டேன். திட்டறதுன்னா, குரல் வந்ததும் நல்லாத் திட்டுங்கக்கா. இப்ப மனசுல வச்சுக்காதீங்க."

வெண்கலம் மேசையில் கிடந்த புருவப் பென்சிலை எடுத்தாள். கண்ணாடியில் எழுதினாள்.

'அது நடிப்பு இல்ல. முழங்கால் வலி.'

எல்லோரும் படித்தார்கள். ரெடி உதட்டை அசைத்து மறுபடியும் படித்தாள்.

"வலியா?"

வெண்கலம் தலையாட்டினாள்.

"அப்ப நான் இவ்ளோ நாளா கண்ணாடி முன்னாடி பழகினது... முட்டி வலியையாக்கா?"

வெண்கலத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று மேனேஜர் ஓடி வந்தார். சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய. அதைப் பார்த்து ரெடிக்கும் பிடித்துக்கொண்டது. அப்புறம் ரூம் முழுக்க.

"இருங்க, இருங்க" என்று லைட்டண்ணன் நாயகன் பக்கம் திரும்பினார். "கடைசி காட்சியில நீ கண்ணு கலங்குவியே, ஜனங்க உச்சு கொட்டுவாங்களே, அது?"

நாயகன் கொஞ்சம் யோசித்தான். "செருப்பு கடிக்குதுண்ணே."

மறுபடியும் கூரை பறந்தது.

சிரிப்பு ஓய்கிற நேரத்தில், ரெடி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நாளைக்கு அந்தப் படியில நான் நிக்கணுமாக்கா, வேணாமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லக்கா... நாளைக்கு நீங்க வந்துடுவீங்கல்ல... நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

வெண்கலத்தின் கையில் பென்சில் இருந்தது. நாளைக்கு நான் வரேன் என்று எழுதத்தான் அவள் அந்த ரூமுக்கே வந்தாள். ரெடியைப் பார்த்தாள். ரெடியின் காலைப் பார்த்தாள். நாயகியின் செருப்பு அவள் காலுக்கு ரொம்பப் பெரிசு. உள்ளே துணியைத் திணித்து வைத்திருந்தாள். அந்தச் செருப்போடா அத்தனை படி இறங்கினாள்?

பென்சில் முனை மழுங்கிவிட்டது. அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

'நில்லு. முன்னாடி பாத்தே நில்லு.'

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'மேனேஜர், இவளுக்குச் செருப்பு அளவெடுங்க.'

பின்பக்கக் கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் தைல பாட்டில்.

"மருந்துக் கடைய இங்க மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "மாத்திரை கெடச்சுதா?"

அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு, குனிந்து, இடது முழங்காலைத் தட்டிக் காட்டினாள். பிறகு டாக்டர் மாதிரி கழுத்தில் குழாய் மாட்டுவதாகச் சைகை காட்டினாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எலும்பு டாக்டரா? நீயா?" அவர் அவள் முகத்தைப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "அம்மா, நீங்க யாரு? உள்ள போன என் வீட்டுக்காரி எங்க?"

அவள் கிள்ளினாள்.

"ஆங், நீதான்" என்றார்.

மறுநாள் காலையில் அவள் எலும்பு டாக்டரிடம் போனாள். அவர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றரை மாதம் படி ஏறக் கூடாது என்றார். திரும்புகிற வழியில் அரங்கத்தில் இறங்கி, தன் போஸ்டரில் இருந்த நாலு குண்டூசியையும் பிடுங்கிவிட்டு, அந்தச் சீட்டைப் பசை தடவி ஒட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.